காதல் கதையில் கதை எங்கே? கவித்துவ உரைநடையைப் படிக்கத் தொடங்குபவருக்கு

கவித்துவ நடையில் எழுதப்பட்ட காதல் நாவல் ஒன்றை முதன்முதலில் படித்தபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கையில் பென்சில் வைத்திருந்தேன். அழகான வரி கண்ணில் பட்டால் அடியில் ஒரு கோடு. இப்படிக் கோடு போட்டுக்கொண்டே புத்தகத்தை முடித்தேன். அதே நாவலைப் படித்திருந்த நண்பர் ஒருவர் அடுத்த வாரம் பேச்சுவாக்கில், "அவள் இறந்துபோகும் இடத்தில் மூடி வைத்தவன், இரண்டு நாள் அதைத் தொடவில்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் இறந்தது? எப்போது?

வெட்கத்தை வெளியில் காட்டாமல் வீட்டுக்கு வந்து புரட்டினேன். மரணம் என்ற சொல்லே புத்தகத்தில் இல்லை. நோய் இல்லை, மருத்துவர் இல்லை, அழுகை இல்லை. அதுவரை அத்தியாயத்துக்கு ஒரு முறையாவது மேசைமீது இரண்டு கோப்பைகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கத்தில் ஒன்று நிமிர்ந்திருந்தது, மற்றது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியில் நிலவைப் பற்றி ஏதோ இருந்தது. நான் கோடு போட்டிருந்தது அந்த நிலவுக்கு.

இவ்வகைக் கதையைப் பாதியில் கீழே வைத்துவிடுகிறவர்கள், "கதையே இல்லை, வெறும் வர்ணனை" என்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முழுதாகப் படித்த எனக்கே கதை அகப்படவில்லை. கதை இருந்தது. அது கோப்பையில் இருந்தது, நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில், கவித்துவ உரைநடை என்றால் என்ன? பார்வைக்கு அது சாதாரணப் பத்திதான். வரிகளாக உடைந்திருக்காது, யாப்பு இருக்காது. ஆனால் வாக்கியம் அங்கே செய்யும் வேலை வேறு. வழக்கமான நாவலில் வாக்கியம் ஒரு வண்டி மாதிரி. செய்தியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது. வண்டியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கவித்துவ நடையில் வண்டியின் ஆட்டமும் சரக்கில் சேர்த்தி. "அவர்கள் பிரிந்தார்கள்" என்பது தகவல். அதையே ஒரு வாக்கியம் நீண்டு, இழுபட்டு, முடிய மனமில்லாமல் வினைமுற்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் சொன்னால், பிரிய மனமில்லாததும் தகவலோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ‘தயங்கினார்கள்’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

நமக்கு இது அந்நியமான சரக்கும் அல்ல. சிலப்பதிகாரத்தின் பதிகம் அந்தக் காப்பியத்தை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்கிறது. இடையிடையே உரைநடை கலந்த பாட்டு. பாரதி வசன கவிதை எழுதி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. உரைக்கும் பாட்டுக்கும் நடுவே நம்மிடம் இருந்தது எப்போதும் வேலிதான். சுவரை எழுப்பியது பள்ளிக்கூடப் பாடப்பிரிவுகள்.

அலங்கார நடையையும் கவித்துவ நடையையும் ஒன்றாக எண்ணிவிடும் குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. "நிலவு முகத்தாள் தென்றலாய் நடந்து வந்தாள்" என்பது அலங்காரம். நிலவையும் தென்றலையும் உருவிவிட்டால் "அவள் நடந்து வந்தாள்" என்பது மிஞ்சும். கதைக்கு ஒரு சேதமும் இல்லை. நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: உவமையை உருவிப் பார்ப்பது. உருவியபின் கதை அப்படியே நின்றால் அது ஒப்பனை, சரிந்தால் அது தூண். மேலே சொன்ன கவிழ்ந்த கோப்பையை உருவினால் ஒரு மரணமே காணாமல் போகிறது. காதலை எழுதும்போது கை தானாக ஒப்பனைப் பக்கம் போகும். இந்த வகையில் வரும் புத்தகங்களில் நிறைய, உருவி முடித்தால் ஒன்றும் மிஞ்சாதவை. அந்தக் கோபத்தில் வகையையே ஒதுக்கிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்; நானும் சில வருடம் ஒதுக்கினேன்.

ஒரு கதவு, மூன்று பத்தி

எடுத்துக்காட்டு இல்லாமல் இதற்குமேல் பேசினால் நானும் தென்றல் நிலவு என்று ஆரம்பித்துவிடுவேன். இருக்கிற புத்தகம் ஒன்றைப் பிய்த்துக் காட்டுவதைவிட, இதற்காகவே நான் எழுதிய மூன்று சிறு பத்திகளைத் தருகிறேன். ஒரு முறை வேகமாகப் படித்துவிடுங்கள். பிறகு திரும்ப வரலாம்.

"கீல் தளர்ந்து இறங்கிப்போன கதவு அது. அவள் வருவாள். ஒரு கையில் பை, ஒரு கையில் சாவி, இரண்டையும் கீழே வைக்காமல் தோளைக் கொடுத்துக் கதவை ஒரு விரற்கடை தூக்குவாள். தூக்கிய நொடியில் தாழ்ப்பாள் தன் துளையைக் கண்டுகொள்ளும். ‘கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும்’ என்பாள். எனக்கு அது கதவைப் பற்றிய பேச்சாகவே கேட்டது.

எப்போது பழகினேன் என்று தெரியாது. ஒரு மாலை, பேசிக்கொண்டே, திரும்பிப் பாராமலே, தோளைக் கொடுத்து, ஒரு விரற்கடை தூக்கி, சாத்தினேன். அவள் பேச்சை நிறுத்தினாள். பார்த்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினாள். குரல் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது.

தச்சர் வந்து போன பிறகு கதவு நன்றாகச் சாத்துகிறது. விரலால் தள்ளினால் போதும். நான் இன்னும் தோளைக் கொடுக்கிறேன். தூக்குவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் தோள் ஒரு கணம் நிற்கிறது."

‘காதல்’ என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ‘பிரிவு’ இல்லை, ‘நினைவு’ இல்லை. ஆனாலும் ஒரு காதல் தொடங்கி, ஒருவருக்கொருவர் தெரிந்து, முடிந்துபோயிருக்கிறது. எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்?

வினைமுற்றுகளைப் பாருங்கள். முதல் பத்தியில் வருவாள், தூக்குவாள், என்பாள். எதிர்கால வடிவம்தான், ஆனால் நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை. "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்பதில் இருக்கும் அதே வழக்கப்பொருள். ஒரு நாள் நடந்தது என்றால் ‘வந்தாள்’ என்றிருக்கும். ‘வருவாள்’ என்றதும் எண்ணிக்கை இல்லாத நாள்கள் வந்து குவிகின்றன. அந்த வீட்டுக்கு அவள் வருவது ஒரு செய்தியாக இல்லாமல் காலநிலை போல ஆகிவிட்டது. சேர்ந்திருந்த காலம் எவ்வளவு நீளம் என்று தேதி போட்டுச் சொல்லியிருந்தாலும் இந்த உணர்வு வந்திருக்காது.

அதே பத்தியின் கடைசி வாக்கியத்தில் வினை மட்டும் சட்டென்று மாறுகிறது: ‘கேட்டது.’ அதற்கு முன்னால் ‘பேச்சாகவே’ என்று ஓர் ஏகாரம். அந்த ஏகாரத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். "கதவைப் பற்றிய பேச்சாகக் கேட்டது" என்றால் சாதாரணத் தகவல். ஏகாரத்தோடு படித்தால், அப்போது அப்படித்தான் கேட்டது, இப்போது அப்படிக் கேட்கவில்லை என்றாகிறது. சொல்பவர் வெகு தூரத்தில், எல்லாம் முடிந்த பிறகு நின்று பேசுகிறார் என்பது அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. கவித்துவ நடையில் இடைச்சொற்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஏ, ஓ, உம், மட்டும், இன்னும் என்று இத்தனூண்டு சொற்களில்தான் பெரிய காரியங்கள் நடக்கும்.

இரண்டாம் பத்தியில் காலம் மாறிவிட்டது. சாத்தினேன், நிறுத்தினாள், பார்த்தாள். எல்லாம் ஒரே ஒரு மாலையில், ஒரே ஒரு முறை. நீங்கள் எந்தக் கவித்துவக் கதையைப் படித்தாலும் ‘வருவாள்’ போய் ‘வந்தாள்’ வரும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கே ஏதோ நடந்திருக்கிறது. எழுதியவர் மணியடித்து அறிவிக்க மாட்டார். வினையை மாற்றிவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருப்பார்.

அந்த வாக்கியத்தின் அமைப்பையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேசிக்கொண்டே, பாராமலே, கொடுத்து, தூக்கி என்று எச்சம் மேல் எச்சமாக ஏறிப்போய் ‘சாத்தினேன்’ என்று இறங்குகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை வாக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல உரைநடைக் கவிஞருக்கு நம் மொழி கொடுத்த பெரிய வசதி அது. நீண்ட மூச்சு முடிந்ததும் ‘பார்த்தாள்’ என்று ஒற்றைச் சொல்லில் ஒரு வாக்கியம். அவ்வளவு நீளத்துக்குப் பின் இந்தக் குட்டி வாக்கியம் வரும்போது, படிக்கிற நாமும் அவளோடு சேர்ந்து நின்றுவிடுகிறோம்.

அவள் எதைப் பார்த்தாள்? தன் பழக்கம் இன்னொருவர் உடம்பில் குடியேறியிருப்பதைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்பவருக்குத் தெரிய இன்னும் ஒரு பத்தி ஆகிறது.

மூன்றாம் பத்தியில் நிகழ்காலம்: சாத்துகிறது, கொடுக்கிறேன், நிற்கிறது. முதல் பத்தியில் நான்கைந்து வினைகளுக்கு எழுவாயாக இருந்தவள், இரண்டாவதில் பார்த்துப் பேசியவள், மூன்றாவதில் இல்லை. ‘அவள்’ என்ற சொல்லே அந்தப் பத்தியில் வரவில்லை. ‘அவள் போய்விட்டாள்’ என்ற வாக்கியத்தின் வேலையை அந்தச் சொல்லின் இல்லாமை செய்கிறது. எழுதியதை மட்டும் படித்துப் பழகிய கண்ணுக்கு இது சிரமம். ஒரு பக்கத்தை முடித்ததும், போன பக்கத்தில் இருந்த எது இந்தப் பக்கத்தில் காணவில்லை என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

திரும்பி வருவதைக் கவனியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கதையில் நிகழ்ச்சி என்பது ஒருவர் ஒன்றைச் செய்வது. கவித்துவக் கதையில் நிகழ்ச்சி என்பது ஏற்கெனவே வந்த ஒன்று மாறித் திரும்பி வருவது. தோள் மூன்று முறை வந்தது. முதலில் அவளுடையது, அடுத்து சொல்பவருடையது, கடைசியில் வேலையற்றுப் போனது. அந்த மூன்று தோள்களை ஒரு கோட்டில் வைத்தால் அதுதான் கதைச்சுருக்கம்.

ஆகவே பென்சில் வைத்துப் படிக்கிறவர் என்றால், அழகான வரியை விட்டுவிட்டு இரண்டாம் முறை வரும் பொருளுக்குக் கோடு போடுங்கள். ஒரு நாற்காலி, ஒரு நிறம், ஒரு வாசனை, ஒரு சைகை, சில சமயம் ஒரு தனிச்சொல். முதல் முறை வரும்போது அது முக்கியமா என்று தெரியாது, கவலைப்படாதீர்கள். இரண்டாம் முறை வந்ததும் முன்னே புரட்டி முதல் இடத்தைக் கண்டுபிடித்துப் பக்கத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு பக்கம் போனால் உங்கள் குறிப்பில் ஐந்தாறு பொருள்கள் இருக்கும். கதை அவற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஆரம்பகாலத்தில் எல்லோரும் ஒரு முறை சறுக்குவார்கள். பொருள் திரும்பி வருகிறது என்று கண்டுகொண்டதும், "கதவு என்றால் மனம், தாழ்ப்பாள் என்றால் நம்பிக்கை" என்று அகராதி போட ஆரம்பிப்பார்கள். தேர்வுத்தாளில் மதிப்பெண் கிடைக்கலாம், கதை செத்துவிடும். கதவு கதவுதான். கீல் தளர்ந்து இறங்கிப்போன, கொஞ்சம் தூக்கினால்தான் சாத்தும், கனமான மரக்கதவு. அதன் கனத்தை உங்கள் தோளில் உணர்ந்தால் மட்டும்தான் கடைசி வாக்கியத்தில் அந்தத் தோள் வெறுமையில் நிற்பது உங்களுக்கும் நேரும். ‘மனம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டவருக்குத் தோள் வலிக்காது.

பொருளைப் பொருளாகவே விட்டு அதன் வழியே காதலைச் சொல்வதில் பழந்தமிழ் அகப்பாடல்களுக்கு நிகர் குறைவு. குறுந்தொகையின் 25-ஆம் பாடல் கபிலருடையது. மொத்தம் 5 அடி. தலைவன் தன்னோடு கூடிய அந்த நாளில் சாட்சியாக வேறு யாரும் இல்லை என்கிறாள் தலைவி. அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வது? ஒரு குருகு மட்டும் இருந்தது. அதன் கால்கள் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்தன. அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குருகின் கால் எந்த நிறமாக இருந்தால் என்ன? அவளுக்கு வேண்டியது சாட்சி. ஆனால் அவளிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் காலின் நிறம்தான். நான் அங்கே இருந்தேன், இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் பாருங்கள் என்கிறாள். பறவையோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்க்கவே இல்லை. இருந்த ஒரே சாட்சியும் வேறு வேலையாக இருந்தது. இங்கே குருகை ‘விதி’ என்றோ ‘உலகம்’ என்றோ பெயர் மாற்றினால் எல்லாம் கெட்டது. அது மீனுக்குக் காத்திருக்கும் பறவையாக இருப்பதில்தான் அவளுடைய தனிமை இருக்கிறது.

தொல்காப்பியம் இந்தப் படிப்புக்கு ஓர் அடுக்கே வகுத்துத் தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அங்கே இருக்கும் விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியவை கருப்பொருள்; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஐந்தும் உரிப்பொருள். மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். கார்காலத்து மாலை வந்துவிட்டது என்று முல்லைத்திணைப் பாடல் ஒன்றில் வந்தால், காத்திருப்பு வந்துவிட்டது என்று பழைய வாசகர் உடனே புரிந்துகொண்டார். இன்றைய எழுத்தாளருக்கு அப்படிப் பொதுவான ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொருவரும் தம் கதைக்குள்ளேயே தம் கருப்பொருளை நமக்குப் பழக்கிவிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வகைப் புத்தகங்களின் முதல் இருபது முப்பது பக்கம் கரடுமுரடாக இருக்கும். அங்கே கதை நகரவில்லை என்று சலித்துக்கொள்கிறோம். அங்கே நமக்கு ஒரு சின்ன மொழி கற்றுத்தரப்படுகிறது.

அகத்திணையில் தலைமக்களுக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பதும் தொல்காப்பிய விதி. கவித்துவக் காதல் கதைகளில் பெயர் இல்லாத அவனும் அவளும் உலவுவதைக் கண்டு பலர் குழம்புவார்கள்; இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் அது. என் கதவுக் கதையிலும் பெயர் இல்லை. அதற்குமேல் ஒரு படி: ‘நான்’ என்பவர் ஆணா பெண்ணா என்பதும் இல்லை. தமிழில் தன்மை வினைக்குப் பால் விகுதி கிடையாது. ‘சாத்தினேன்’ யாருடைய வாயிலும் பொருந்தும். நீங்கள் ஓர் ஆணைக் கற்பனை செய்துகொண்டு படித்திருந்தால் அது உங்களுடைய சேர்க்கை. தவறு என்று சொல்லவில்லை. சேர்த்தது யார் என்று தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: விளிக்கும் சொல். கதையில் ‘நீங்கள்’ என்று பேசிக்கொண்டிருந்தவர் எந்த வரியில் ‘நீ’ என்கிறார்? மறுபடி எந்த வரியில் ‘நீங்கள்’ ஆகிறது? பல கதைகளில் முத்தத்தைவிட முக்கியமான சம்பவம் அதுதான். ‘நீ’யிலிருந்து ‘நீங்கள்’ ஆகும் பிரிவுக்கு விளக்கமே தேவையில்லை. அந்த மரியாதையின் குளிர் போதும்.

எவ்வளவு வேகம், எவ்வளவு சந்தேகம்

படிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாகப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள்; எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மெதுவாகப் படித்தால் தூக்கம் வரும். முதல் முறை உங்கள் வழக்கமான வேகத்தில், புரியாத இடத்தில் நிற்காமல், ஓர் அத்தியாயம் முடியப் படியுங்கள். பிறகு அதே அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வாய்விட்டு இன்னொரு முறை. மூச்சு எங்கே முட்டுகிறது, எங்கே விடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, தொண்டைக்குத் தெரியும். அன்றைக்கு அது போதும். ஒரே மூச்சில் இருநூறு பக்கம் படித்தால் படிமங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எல்லாம் ஒரே சாயமாகிவிடும்.

மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசை பெரும்பாலும் வழியிலேயே சிந்திவிட்டிருக்கும், அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். திரும்பி வரும் பொருள்கள் மட்டும் எந்த மொழிக்குப் போனாலும் தப்பிவிடும்.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். கவித்துவ நடையின் மயக்கம் பெரியது. அழகாகப் பேசுகிறவரை நாம் நம்பிவிடுவோம். இந்தக் கதைகளைச் சொல்பவர் பெரும்பாலும் காதலிப்பவர். காதலிக்கப்படுபவர் அந்த மொழிக்குள் ஒளியாகவும் நிழலாகவும் கடலாகவும் இருப்பார், ஆளாக இருக்க மாட்டார். இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். காதலிக்கப்படுபவர் தம் வாயால் பேசிய வாக்கியங்களை எண்ணிப் பார்ப்பேன். இருநூறு பக்கத்தில் பத்து வாக்கியம்கூடத் தேறாவிட்டால், அடுத்த கேள்வி: இந்த மௌனம் எழுத்தாளருக்குத் தெரிந்து வைத்ததா, தெரியாமல் விழுந்ததா? தெரிந்து வைத்திருந்தால், சொல்பவரின் அழகான மொழியே அவருடைய குற்றத்துக்குச் சான்றாக மாறும். அவர் அவளைக் கேட்கவே இல்லை, வர்ணித்துக்கொண்டிருந்தார் என்பதை நாம் கண்டுபிடிக்கும்படி கதையில் எங்காவது ஒரு விரிசல் இருக்கும். தெரியாமல் விழுந்திருந்தால் அது ஒப்பனைப் புத்தகம். என் அலமாரியில் இரண்டு வகையும் உண்டு. இரண்டாவது வகையை யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன், திருப்பியும் கேட்க மாட்டேன்.

அந்தக் கணக்கை என் கதவுக்கும் போட்டுப் பார்க்கலாம். அவள் பேசியதாக நேரடியாக வருவது ஒரே ஒரு வாக்கியம்: கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். இரண்டாம் பத்தியில் அவள் பேசுகிறாள்; என்ன பேசினாள் என்பது இல்லை. சொல்பவருக்குக் குரல் நினைவிருக்கிறது, சொன்னது நினைவில்லை. எழுதும்போது இது எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், இல்லை. எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சொல்பவர் மீது இப்போது எனக்குக் கொஞ்சம் மதிப்புக் குறைந்திருக்கிறது; கதை மேல் கூடியிருக்கிறது.

புத்தகத்தைப் பாதியில் நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. ஆனால் முதல் பொருள் திரும்பி வரும்வரை பொறுத்திருங்கள். திரும்பி வந்தபோது அது கொஞ்சமும் மாறாமல், போன முறை போலவே, அதே நிலவாக அதே தென்றலாக வந்தால் மூடிவிடலாம். அதற்குள் ஏதாவது இடம் மாறியிருந்தால், ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தால், இன்னும் நாற்பது பக்கம் கொடுத்துப் பார்ப்பது வீண்போகாது.

அந்த மூன்று பத்திகளையும் இங்கே சேர்ப்பதற்கு முன் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். முதல் நாவலில் கதாநாயகி இறந்ததை எனக்குச் சொன்ன அதே நண்பர். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தச்சரைக் கூப்பிட்டது யார்?" என்று கேட்டார்.

நான் யோசித்திருக்கவே இல்லை. கதவு சரியானால் அவள் இல்லாமை தெரியும் என்பதற்காகத் தச்சரை உள்ளே விட்டிருந்தேன், அவ்வளவுதான். சொல்பவரே கூப்பிட்டிருந்தால் மறக்க நினைக்கிறார், தோள் விடவில்லை. வீட்டுக்காரர் அனுப்பியிருந்தால் வேறு கதை. நண்பர் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: அவள்தான், போவதற்கு முன், இனி இந்தக் கதவோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்குமே என்று நினைத்து, தச்சரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.